எதிர்வீட்டுக்குப் போன அறை

ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஆறே முக்காலுக்கு, பள்ளி வேன் வர முக்கால் மணி நேரமே இருக்கையில், கோயமுத்தூர் காளப்பட்டி சாலையில் இருக்கும் ஓர் அடுக்ககத்தின் நான்காம் மாடியில், பூர்ணிமா தன் ஐந்து வயது மகள் ஆதிரையை எழுப்பப் போனாள்; போனால், மகளின் அறை இருந்த இடத்தில் சுவர் இருந்தது. கதவு இல்லை, கதவு இருந்த தடமும் இல்லை, ஒரு காலண்டர் ஆணிகூட இல்லாத வெள்ளைச் சுவர், தட்டிப் பார்த்தால் கெட்டியான சுவர். அவள் தட்டிக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தலைமுடியைக்கூட அள்ளி முடியாமல் வெளியே வந்த கோகிலவாணி, கூரியர் வீடு மாறி வந்துவிட்டதைச் சொல்லும் குரலில், "ஏனுங்க பூர்ணிமா, பாப்பா ரூமு எங்கூட்டுக்கு வந்துருச்சுங்க. பாப்பா இன்னும் தூங்குது. எழுப்பட்டுங்களா?" என்றாள்.

அங்கே போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. கோகிலா தையல் மிஷின் போட்டிருந்த சுவரில், மிஷினை ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு, ஆதிரை அறையின் பள்ளி வேன் நிற மஞ்சள் கதவு வந்து உட்கார்ந்திருந்தது. திறந்தால் உள்ளே கட்டில், அலமாரி, மூலையில் உருண்டை விளிம்பு மேசை, கூரையில் ஒட்டிய நட்சத்திரங்கள், கட்டிலில் வாயைத் திறந்து தூங்கும் ஆதிரை, எல்லாம் ஒரு இம்மி கலையாமல். பயம் வந்திருக்க வேண்டிய இடம்தான். ஆனால் பூர்ணிமாவுக்கு முதலில் வந்தது பொறாமை. அந்த அறைக்கு யாரையும் பிடிக்காமல் போய்க் காட்டுக்கு ஓடியிருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள். போயும் போயும் எதிர்வீட்டுக்கா!

கோகிலாவை அந்தக் கட்டடத்தில் தெரியாதவர் இல்லை. அவளுக்கும் பூர்ணிமா வயதுதான், முப்பத்தைந்து. கணவர் தர்மபுரியில் வங்கி வேலை, சனி ஞாயிறு வருவார். குழந்தை இல்லை, அதைப் பற்றி யாரும் கேட்பதை நிறுத்திவிட்ட அளவுக்கு வருஷமும் ஆகிவிட்டது. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டு, ஒன்றரை மணி வேனில் வரும் ஆதிரையை இறக்கி, சோறு ஊட்டி, தூங்க வைத்து, பூர்ணிமா ஆபீசிலிருந்து வரும்வரை மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டவள். பூர்ணிமாவின் கணவன் தினகரனோ மாதத்தில் இருபது நாள் வேலை விஷயமாக மில் மில்லாக ஊர் சுற்றுகிறவன். போனில் செய்தியைக் கேட்டுவிட்டு, "எதிர்ல தான இருக்குது, விடு" என்றான். அவனுக்கு அது ஒரு பொருள் இடம் மாறியது, அவ்வளவுதான்.

அடுக்ககம் அந்த அதிசயத்தை இரண்டே நாளில் விழுங்கி ஏப்பம் விட்டது. சங்கச் செயலாளர் நல்லமுத்து, மின்வாரியத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், டேப்பை எடுத்துக்கொண்டு வந்து இரண்டு வீட்டையும் அளந்தார். இங்கே பத்தடிக்குப் பதினோரடி குறைந்திருந்தது, அங்கே பத்தடிக்குப் பதினோரடி கூடியிருந்தது. கீழே கார் நிறுத்துமிடத்திலிருந்து அண்ணாந்து எண்ணியதில் ஜன்னலும் ஒன்று குறைந்து ஒன்று கூடியிருந்தது. கணக்கு நேராகிவிட்டதால் அவருக்கு மேற்கொண்டு சந்தேகம் எதுவும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், அனுமதியில்லாமல் கட்டடத்தை மாற்றக் கூடாது என்ற விதியைக் காட்டி ஒருவர் எழுந்தார். மாற்றியது யார் என்று கேட்டதும் உட்கார்ந்துகொண்டார். வாஸ்து தெரிந்த ஒருவர், புது அறை கோகிலா வீட்டுக்குக் கன்னி மூலையில் அமைந்திருக்கிறது, கும்பிட்டாலும் அப்படி அமையாது என்று சொன்னதில் நாலைந்து பேருக்கு வயிறு எரிந்தது. கடைசியில், தானாக நகர்வதால் மேற்படி அறையை வளர்ப்புப் பிராணிகளுக்கான விதியில் சேர்ப்பது என்றும், பொது வராந்தாவை அசுத்தம் செய்யாதவரை ஆட்சேபணை இல்லை என்றும், லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்றும் தீர்மானம் போட்டுவிட்டு, டீ குடித்துக் கலைந்தார்கள்.

அதன் பிறகு வீட்டுக்கு வீடு அம்மாக்கள் காலையில் எழுந்ததும் பால் பாக்கெட்டை எடுப்பதற்கு முன்னால் பிள்ளையின் அறைக் கதவைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி தாழ்ப்பாளில் மஞ்சள் கயிறு கட்டினாள். ஒருத்தி மகன் அறை வாசலில் குறுக்கே படுத்தாள். முதல் மாடி மருத்துவர் அம்மாள், தன் இரட்டைப் பிள்ளைகளின் அறை அசையாமல் கிடப்பதைப் பார்த்து, "நம்ம ரூமுக்கு ஒரு ரோசம்கூட இல்லையே" என்று வருத்தப்பட்டாள். ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு மூன்று பிளாக் பெண்களும் கோகிலா வீட்டுக்கு வந்து மஞ்சள் கதவைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கரப்பான் மருந்து அடிக்க வந்த ஆள்கூட, பாப்பா ரூமு இப்ப எந்த வீட்டில் என்று கேட்டுவிட்டுத்தான் பம்பைத் தூக்கினான்.

பூர்ணிமா மட்டும் வெந்துகொண்டிருந்தாள். தன் மகளுக்கு இரவு முத்தம் கொடுக்க அடுத்தவள் வீட்டு அழைப்பு மணியை அடிக்க வேண்டியிருந்தது. "வாங்க வாங்க" என்று கோகிலா கதவைத் திறக்கும் அந்த மரியாதை, நெற்றிப் பொட்டில் ஊசி ஏற்றுவது போல இருந்தது. மகளைத் தூக்கிவந்து தன் பக்கத்தில் படுக்க வைத்துப் பார்த்தாள். ஆதிரை அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. சமர்த்தாக எழுந்து உட்கார்ந்து, "என் ரூம் அங்க இருக்குதும்மா" என்று விலாசம் சொன்னாள். அதற்கு மேல் ஒரு தாயால் என்ன வாதாட முடியும்?

வாதாட ஆள் வேண்டும் என்றுதான் அந்த அறையைச் செய்துகொடுத்த எஸ்தர் நளினியைக் கூப்பிட்டாள். எஸ்தர் குழந்தைகளின் அறையைத் தவிர வேறு எதையும் கையால் தொடாதவள். பொழுதில்லாத அப்பா அம்மாக்களின் வீடுகளில் தொட்டில் அறையும் படுக்கையறையும் செய்து செய்தே ஊரில் பேர் வாங்கியவள். பெயின்ட் சாம்பிளும் பிளைவுட் துண்டும் நிறைந்த பையோடு வந்து, கோகிலா வீட்டுக்குள் போய்ச் சுவர் மூலைகளை விரலால் தட்டி, கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்து, "விரிசல் ஒண்ணும் விடலைங்க. நல்லா இறங்கி உக்காந்துருக்குது" என்றாள், தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டு.

"உக்காந்தது போதும், திரும்பக் கொண்டு வாங்க" என்றாள் பூர்ணிமா.

"வாரண்டி பெயின்ட்டுக்கும் பலகைக்கும்தானுங்க. இது ரெண்டாவது தடவ நடக்குது எனக்கு. போன வருஷம் ராமநாதபுரத்துல ஒரு ரூமு கார் டிரைவர் வீட்டுக்குப் போயிருச்சு. அங்க ஃபேன் மாட்டக்கூட கொக்கி இல்ல, பாவம்." எஸ்தர் பையைத் துழாவி ஐந்து தாள்களை எடுத்தாள். "அம்மாதான் எழுதோணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனுங்களே. இது யாரு எழுதுனது?"

அந்தத் தாள்கள் பூர்ணிமாவுக்கு ஞாபகம் வந்தன. எஸ்தர் ஒரு சுவரில் தூரிகை வைப்பதற்கு முன்னால் நாற்பத்திரண்டு கேள்விகளைக் கொடுப்பாள். குழந்தையை உறங்க வைக்கும் அம்மாவே உட்கார்ந்து பதில் எழுத வேண்டும். அந்தப் பதில்களிலிருந்துதான் அறை பிறக்கும், அது அவள் தொழில்முறை. அந்த வாரம் ஆபீசில் காலாண்டு முடிவு. பூர்ணிமா ஐந்து தாளையும் மகளின் பள்ளிப் பையில் செருகி, "கோகிலா, இதை நிரப்பிக் கொடுங்க ப்ளீஸ், உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்" என்று ஒரு சீட்டும் எழுதி வைத்தாள். மறுநாள் நிரம்பி வந்த தாள்களில் ஒரு வரிகூடப் படிக்காமல் கீழே தன் கையெழுத்தைப் போட்டு அனுப்பினாள். தும்பை விட்டுவிட்டு இப்போது வாலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது படித்தாள். பிடித்த நிறம் எது? 'மஞ்சள். ஸ்கூல் வேன் மஞ்சள் மட்டும். வேற மஞ்சள் காட்டினா மூஞ்சியைத் திருப்பிக்குவா.' எதற்குப் பயம்? 'மிக்ஸி. குக்கருக்குப் பயமில்லை, விசில் எண்ணுவா.' விழித்ததும் முதலில் எதைப் பார்ப்பாள்? 'கதவை. யார் வந்திருக்காங்கன்னு.' அதனால்தான் கட்டில் கதவைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. பூர்ணிமா அது காற்றோட்டத்துக்கு என்று நினைத்திருந்தாள். தூங்கும்போது கையில் என்ன வேண்டும்? 'காது. பக்கத்துல படுத்திருக்கறவங்க இடது காது மடலை ரெண்டு விரல்ல பிடிச்சுக்குவா.'

தலையணையின் ஓரத்தில் பஞ்சு அடைத்துத் தைத்த அந்த இரண்டு காதுகளை, பூர்ணிமா ஆறு மாதமாக முயல் காது என்று வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் நிமிர்ந்து கோகிலாவின் இடது காதைப் பார்த்தாள். அதில் தோடு இல்லை. வலது காதில் மட்டும் ஒற்றைத் தோடு போட்டிருந்தாள். ஒன்றைத் தொலைத்துவிட்டாள், புதுசு வாங்க மனசு வரவில்லை என்று பிளாக்கே பேசிக்கொண்டிருந்த தோடு. குழந்தையின் விரலுக்கு உறுத்தும் என்று கழற்றி வைத்த காது, மடலில் லேசாகக் கன்றிச் சிவந்த காது. பூர்ணிமா தன் வாழ்நாளில் ஒருத்தியின் வைரத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை; தோடில்லாத ஒரு காதைப் பார்த்து அன்றைக்குப் பட்டாள்.

பொறாமை வந்தவளுக்குப் புத்தி குறுக்கே ஓடும். வீட்டில் ஆபீஸ் வேலைக்கென்று வைத்திருந்த அறையைக் காலி செய்து, வேறொரு கம்பெனியை வரவழைத்து, பத்தே நாளில் இளஞ்சிவப்பில் ஒரு புது அறை செய்தாள். கோட்டை வடிவக் கட்டில், மேகம் வடிவ விளக்கு, பொத்தானை அழுத்தினால் பாடும் நிலா, சறுக்கிக்கொண்டு இறங்க ஒரு மரப் பலகை. திறப்பு விழா மாதிரி ரிப்பன் கட்டி ஆதிரையின் கையில் கத்தரி கொடுத்தாள். ஆதிரை உள்ளே போய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், இரண்டு தடவை சறுக்கினாள், நிலாவைப் பாட வைத்தாள், பிறகு விருந்துக்கு வந்தவர்கள் சொல்வது போலச் சொன்னாள்: "சூப்பரா இருக்குதும்மா. யாருக்கு?"

அன்று மாலையே பூர்ணிமா எதிர்வீட்டுக்குள் நுழைந்தாள், அழைப்பு மணி அடிக்காமல்.

"என்ன மருந்து வெச்சீங்க என் பிள்ளைக்கு?" என்றாள்.

கோகிலா மிஷினை நிறுத்தினாள். "நானெங்கீங்க வெச்சேன்? நீங்க எழுதச் சொன்னீங்க, எழுதுனேன். சுவரு தானா வந்து நின்னுச்சு. இடிச்சுத் தள்ளச் சொல்றீங்களா, உள்ள பாப்பா இருக்கையில?"

"மூணு வருஷமா நைசா, கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கிட்டீங்க. உங்களுக்கு இல்லைன்னு..." பூர்ணிமா அங்கே நாக்கைக் கடித்துக்கொண்டாள், ஆனால் சொல்ல வேண்டியது சொல்லி முடிந்துவிட்டது.

கோகிலா கொஞ்ச நேரம் ஊசிக்கு நூல் கோத்தாள். கோக்கவில்லை, கோப்பது போல வைத்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்குத்தான் எரியுதுன்னு நெனச்சுக்காதீங்க. எனக்கும் எரியுதுங்க. தெனமும் மத்தியானம் என் காதத்தான் புடிச்சுக்குவா. புடிச்சுக்கிட்டே, நல்ல தூக்கத்துல, 'அம்மா'ம்பா. மூணு வருஷமா ஒரு நாள் தவறாம. ஒரே ஒரு தடவ, வாய் தவறியாச்சும், 'அத்தை'ன்னு கூப்புடுவாளான்னு நானும் மூச்ச அடக்கிப் படுத்துப் பாத்துட்டேன். காது என்னுது, கூப்பாடு உங்களுது. இதுல நான் எதைங்க எடுத்துக்கிட்டேன்?"

நல்லவளாக இருந்திருந்தால் பூர்ணிமா அந்த இடத்தில் இளகியிருப்பாள். அவளுக்கு வந்தது திருப்தி. 'அம்மா' என்று கூப்பிடுகிறாளாமே! அந்த ஒரு வார்த்தையைக் கட்சித் தலைவருக்கு மாலை விழுந்த மாதிரி வாங்கிப் போட்டுக்கொண்டு, சுருட்டிய மெத்தை ஒன்றையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு, அன்றிலிருந்து மகளின் அறையிலேயே, அதாவது எதிரியின் வீட்டிலேயே, படுக்கப் போனாள். கோகிலா மறுக்கவில்லை. கொசுவர்த்திகூட ஏற்றி வைத்தாள்.

முதல் நாள் ஆதிரையின் விரல்கள் இருட்டில் தேடிவந்து, காதைக் கண்டுபிடித்து, தோட்டில் பட்டதும் விலகிப் போய்ப் பஞ்சுக் காதைப் பிடித்துக்கொண்டன. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் பூர்ணிமா தன் இடது தோட்டைக் கழற்றினாள், கோகிலாவைப் பார்த்துக் காப்பியடிக்கிறோமே என்ற கடுப்போடு. ஏழாம் நாள், குழந்தை குக்கர் விசிலை எண்ணும்போது நான்கைத் தாண்டிவிடுகிறாள், மூன்றுக்கு அடுத்து ஐந்து சொல்கிறாள் என்பதைக் கண்டுபிடித்தாள். இது கோகிலாவுக்குத் தெரியுமா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. தெரியும் என்று பதில் வந்தது. அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள், ஆதிரை காலையில் கண் திறப்பதற்கு முன்னால் தன் உள்ளங்கையை ஒரு தடவை முகர்ந்து பார்ப்பதைக் கண்டாள். அறை அங்கே போன பிறகும் கோகிலா பக்கத்தில் படுத்தது மத்தியானத்தில் மட்டும்தான், ராத்திரியிலும் விடியலிலும் இல்லை, அதனால் இது அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தபோதும் அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டாள்; எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டதற்கும் சொல்லவில்லை.

இருபத்துமூன்றாம் நாள் காலை அவள் கண் விழித்து மஞ்சள் கதவைத் திறந்தபோது, எதிரே தன் சோபாவும் தன் டிவியும் தன் வீட்டு நாற்காலியில் காயப்போட்ட தினகரனின் துண்டும் இருந்தன. ராத்திரி எந்நேரமோ அறை இருவரையும் உள்ளே வைத்துக்கொண்டே திரும்பி வந்திருந்தது. ஏன் திரும்பியது என்பதற்கு அடுக்ககத்தில் ஆளுக்கொரு காரணம் இருந்தது. நல்லமுத்து மழை ஈரத்தில் சுவர் உப்பியதால் என்றார். வாஸ்துக்காரர் குருப்பெயர்ச்சி என்றார். மருத்துவர் அம்மாள், ரோசம் அவ்வளவுதான், எந்த ரோசமும் ஒரு மாதம்தான் தாங்கும் என்றாள். எஸ்தர் போனில், "வந்துருச்சுங்களா? அப்ப டச்சப் ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க" என்றதோடு சரி.

எதிர்வீட்டில் தையல் மிஷின் பழைய இடத்துக்கு வந்திருந்தது, அதன் பின்னால் வெள்ளைச் சுவர். "வந்த வழியே போயிருச்சுங்க. போகட்டும், அதோட வீடு அதுதான்" என்று கோகிலா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பூர்ணிமாவுக்கு நன்றாகத் தெரியும்; அவளே ஒரு மாதம் போட்டுக்கொண்டு திரிந்த சிரிப்பு அது. தெரிந்தும், "இனிமேல் நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கறேன். மத்தியானமும் நானே பார்த்துக்கறேனுங்க, உங்களுக்குச் சிரமம் வேண்டாம்" என்றாள். சிரமமா என்று கோகிலா கேட்கவில்லை. சரிங்க என்று உள்ளே போய்விட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் நல்ல மழை. சாப்பாடு முடிந்து ஆதிரை படுத்தாள், பூர்ணிமாவும் பக்கத்தில் படுத்தாள். இரண்டு விரல்கள் வந்து அவள் இடது காது மடலைப் பிடித்தன, தயங்காமல், தேடாமல். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். இந்தப் பிடிக்காகத்தானே இத்தனை ஓட்டம் என்று நினைத்தாள். மழைச் சத்தத்தில் குழந்தையின் மூச்சு சீராகி, கனமாகி, உதடு ஒரு தடவை குவிந்தது. தூக்கத்தில் தெளிவாகச் சொன்னாள்: "அத்தை." கொஞ்சம் பொறுத்து, வராதவரைக் கூப்பிடும் குரலில் இன்னொரு தடவை, "அத்தை."

அன்று சாயங்காலம், ஓரம் மடித்துத் தைத்த பள்ளிச் சீருடையைக் கொடுக்க கோகிலா வந்தாள். உள்ளே வரவில்லை, கதவருகிலேயே நின்றாள். "மத்தியானம் நல்லாத் தூங்குனாளுங்களா?"

"தூங்குனா."

"தூக்கத்துல ஏதாச்சும் சொன்னாளா?" கேட்டுவிட்டு, கேட்டதற்கே வெட்கப்பட்டவள் மாதிரி சீருடையை மறுபடி மடித்தாள்.

"ஒண்ணும் சொல்லலைங்க" என்றாள் பூர்ணிமா.

கதவைச் சாத்திவிட்டு ஓடிப் போய் மகளின் அறையைப் பார்த்தாள். பொய் சொன்னதற்கு அது இப்போதே கிளம்பிவிடும் என்று நினைத்தாள். கிளம்பவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலும் இருந்தது, சனிக்கிழமையும் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை அவள் சுவரில் முதுகைச் சாய்த்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், ஒரு துளி சுண்ணாம்பு உதிரவில்லை. அறை போயிருந்தால் தண்டனை கிடைத்தது, தீர்ந்தது என்று இருந்திருக்கும். அது விசுவாசமாக நின்றதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்த ஒரு வார்த்தை அவளுடையது இல்லை, அடுத்தவள் வீட்டுக்கு வந்த வார்த்தை. வெளியே கொடுக்கவும் மனசு வராமல், உள்ளே வைத்திருக்கவும் முடியாமல், நாலு நாள் அவளுக்குச் சோறு ருசிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை வேன் போனதும் எதிர்வீட்டு மணியை அடித்தாள். கோகிலா பல்லில் நூலோடு வந்து கதவைத் திறந்தாள்.

"உங்களைக் கூப்பிட்டா" என்றாள் பூர்ணிமா. "தூக்கத்துல. 'அத்தை'ன்னு."

நூல் வாயிலிருந்து விழுந்தது. "எத்தன தடவைங்க?"

"ரெண்டு."

"காதப் புடிச்சுக்கிட்டா?"

"என் காதை."

கோகிலா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்து, வழிந்து, அதைத் துடைக்கவும் தோன்றாமல் கேட்டாள்: "எப்பங்க?"

"வியாழக்கிழமை."

கோகிலா கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டு எண்ணினாள், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. "நாலு நாளா உள்ளயே வெச்சிருந்தீங்களா?"

"ஆமாங்க."

கோகிலா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கதவை அகலமாகத் திறந்துவிட்டுச் சொன்னாள்: "நானா இருந்திருந்தா, சத்தியமாச் சொல்லியே இருக்க மாட்டேனுங்க."